சுள்ளித்தீவுச் செடியும் ஓணாங்குளத்து மாப்பிள்ளையும்

ஓணாங்குளத்தில் ஒரு குடும்பம் உண்டு. மழை வந்தால் போதும், அந்த வீட்டு ஆம்பளைகள் குடையை மடக்கி, துண்டில் பொதிந்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தாங்கள் சொட்டச் சொட்ட நனைந்தபடி வீடு வந்து சேர்வார்கள். ஏன் என்று கேட்டால், "புதுக்குடைலா? நனைஞ்சா வீணாப் போயிரும்" என்பார்கள். கேட்டவனைத்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அந்த வீட்டில் மொத்தம் நாலு பேர். நாலும் ஆம்பளை. மூத்தவர் சொரிமுத்து; எதுவானாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொல்லுவார். அவர் தம்பி பிச்சைக்கனி. அண்ணன் சொன்ன தீர்ப்புக்குக் காரணம் கண்டுபிடிப்பார். கடைசித் தம்பி உலகு. காரணம் புரிகிறவரைக்கும் காத்திராமல் மண்வெட்டியைத் தூக்கிவிடுவார். மூன்று பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. நாலாவது ஆள், தாய் தகப்பன் இல்லாமல் அவர்கள் கையில் வளர்ந்த மாசானம்; சொரிமுத்துவுக்கு நேர் இளைய தம்பியின் மகன். அவர்கள் வளர்த்த பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

மாசானத்துக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. பெண் பார்க்கப் போன இடத்திலெல்லாம் காரியம் கெட்டது. கடைசியாகப் போன வீட்டில் பெண்ணின் தகப்பனார் வாசலுக்கு வந்து, "வாங்க வாங்க, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கிடுங்க" என்று வாய் நிறையச் சொன்னார். சொரிமுத்து உள்ளே போனார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கட்டிலில் நீட்டி நிமிர்ந்து படுத்தார். பிச்சைக்கனி அடுப்படிக்குப் போய்ச் சோற்றுப்பானையைத் திறந்து பார்த்தார். உலகு அந்தத் தகப்பனாரைப் பார்த்து, "ஆமா, நீங்க யாரு? என்ன விஷயமா எங்க வீட்டுக்கு வந்தீங்க?" என்று கேட்டார். அதோடு சரி.

இந்த லட்சணத்தில்தான் மாசானம் தங்கபுஷ்பத்தைக் கண்டான்.

படகுத்துறைச் சந்தையில் அவள் கருவாடு விற்றுக்கொண்டிருந்தாள். கடலுக்குள்ளே இருக்கிற சுள்ளித்தீவுக்காரி. மாசானம் கூடை முன்னால் குந்தி, "நல்ல கருவாடாம்மா?" என்று கேட்டான். "மோந்து பாருங்க" என்றாள் அவள். மாசானம் ஒவ்வொரு கருவாடாக எடுத்து மோந்து பார்த்தான். ஒரு கூடை முடிந்து அடுத்த கூடைக்கு வந்தபோது சந்தை கலைந்துவிட்டது. அவள் சலிக்கவே இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஒரு ஆம்பளையை அவள் அன்றைக்குத்தான் பார்த்தாளாம். மாசானத்துக்கோ அன்று முதல் சோறு இறங்கவில்லை. கட்டினால் புஷ்பம், இல்லாவிட்டால் நானும் சித்தப்பாமார் மாதிரியே கிடந்து போகிறேன் என்று சொல்லிவிட்டான். அதைக் கேட்டுச் சித்தப்பாமார் ரெண்டு பேருக்கும் கண் கலங்கிப் போயிற்று.

நாலு பேரும் படகேறி சுள்ளித்தீவுக்குப் போனார்கள். புஷ்பத்தின் தகப்பனார் சங்குமணி, பேருக்கேற்றபடி கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். நல்ல மனுஷர். வந்தவர்களை உட்காரவைத்து இளநீர் கொடுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"எங்க தீவுல ஒரு வழக்கம் உண்டு. கரைக்காரவுகளுக்குப் பொண்ணு குடுக்கிறதுக்கு முந்தி ஒரு செடி குடுப்போம். வெள்ளைமுத்தகம். இந்தா, இந்தக் கடற்கரை முழுக்க மொளைச்சுக் கெடக்கே, இதான். உங்க வீட்டுத் தோட்டத்துல வச்சு வளருங்க. தை பொறக்கையில நான் வந்து பாப்பேன். பூத்து நின்னுச்சுன்னா பொண்ணு உங்க வீட்டுக்கு. பட்டுப்போச்சுன்னா பேச்சு அதோட முடிஞ்சுது. செடி தங்குற வீட்டுலதான் பொண்ணும் தங்கும்."

மாசானம் செடியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். கனத்த பச்சை இலை. வேரில் தீவு மணல் ஒட்டியிருந்தது.

"எப்படி வளக்கணும் மாமா?"

"பெரிய வித்தை ஒண்ணுமில்ல மாப்ளே. அது தீவுச்செடி, அதை மட்டும் மறந்துராதீங்க. தண்ணி ரொம்ப ஆகாது. நெழலும் ஆகாது. கடக்காத்துலயும் உப்புலயும் வளந்தது. அம்புட்டுதான்."

அம்புட்டுதான் என்று அவர் சொல்லிவிட்டார். இவர்களுக்கு அது ஆரம்பம்.

வீட்டுக்கு வந்ததும் தோட்டத்துச் செம்மணலில் செடியை வைத்தார்கள். வைத்துவிட்டு நாலு பேரும் சுற்றி நின்றார்கள். சொரிமுத்து தொண்டையைச் செருமினார்.

"தீவுச்செடின்னாரு. அப்ப தீவுலதான வளரும்?"

"ஆமா" என்றார் பிச்சைக்கனி.

"தீவுன்னா என்ன?"

"சுத்தித் தண்ணி நின்னா தீவு."

"நம்ம தோட்டத்துக்குச் சுத்தி என்ன நிக்குது?"

"வேலி."

"வேலி நின்னா அது தோட்டம். தீவு ஆகாது."

"செடிக்கு அதெல்லாம் தெரியவா போகுது பெரியப்பா?" என்றான் மாசானம் மெதுவாக.

"பூக்காம நின்னுச்சுன்னா அப்பத் தெரியும்லா, அதுக்குத் தெரிஞ்சிருந்துச்சுன்னு?"

அதற்குள் உலகு செடியைச் சுற்றிப் பாதி வாய்க்கால் வெட்டியிருந்தார்.

வெட்டி முடித்துக் குளத்துத் தண்ணீரைக் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். செம்மணல் ஆயிற்றே, ஊற்ற ஊற்றக் குடித்தது; விடாமல் ஊற்றியதில் ஒருவழியாகத் தேங்கியது. "தண்ணி ரொம்ப ஆகாதுன்னாரே மாமா" என்று மாசானம் பதறினான். பிச்சைக்கனி அவன் தோளைத் தட்டிக்கொடுத்து, "நாம செடிக்கா ஊத்துதோம்? கடலுக்கு ஊத்துதோம். சுள்ளித்தீவைச் சுத்தி இம்புட்டுக் கடல் கெடக்கே, தீவுக்கு யாரோ தண்ணி ஊத்திட்டான்னு எவனாவது சொல்லுதானா?" என்றார். அதுவும் சரிதான் என்று பட்டது.

உலகு வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "கடல் சப்புனு இருக்கு."

வீட்டில் இருந்த உப்புப் பானை முழுக்கக் கடலுக்குப் போயிற்று. பிறகு வீட்டில் உப்பில்லை. கஞ்சித் தட்டைத் தூக்கிக்கொண்டு நாலு பேரும் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து, ஒரு வாய் கஞ்சி, ஒரு கை கடல் என்று சாப்பிட்டுப் பழகிக்கொண்டார்கள். ஊறுகாய்ச் செலவு மிச்சம் என்று சொரிமுத்துவுக்கு ஒரே சந்தோஷம்.

கடல் ஆயிற்று. கடலைக் கடக்க வேண்டாமா? ஒரு எட்டு வைத்தால் அந்தப் பக்கம்தான். மாசானம் காலைத் தூக்கவும் பெரியப்பா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எலே! தீவுக்குத் தாண்டிப் போனவனை எங்கயாவது பாத்திருக்கியா? படகுல போவணும். செடி என்ன நெனைக்கும்?"

கருப்பட்டி காய்ச்சுகிற பெரிய கொப்பரை ஒன்றை அடுத்த தெருவில் இரவல் வாங்கி வந்து வாய்க்காலில் இறக்கினார்கள். கொப்பரை வாய்க்காலை விட அகலம். ரெண்டு கரையிலும் விளிம்பு உட்கார்ந்துகொண்டது, அசையவில்லை. நாலு பேரும் அதற்குள் நெருக்கியடித்து ஏறி உட்கார்ந்து அகப்பையால் துழாவினார்கள். வெயில் ஏறியது. கொப்பரை சுட்டது.

"போயிட்டுதான இருக்கோம்?" என்று கேட்டார் உலகு.

"போவுது, போவுது. எதிர்க்காத்துலா, கொஞ்சம் மெதுவாத்தான் போவும்" என்றார் பிச்சைக்கனி.

மத்தியானம் ஆனதும் சொரிமுத்து கையை நெற்றியில் வைத்துப் பார்த்து, "கரை தெரியுது, எறங்குங்கலே" என்றார். இறங்கினார்கள். பத்திரமாக வந்து சேர்ந்ததற்குக் குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டார்கள்.

செடிக்குப் பக்கத்தில் போனதும் அடுத்த சிக்கல். மாசானத்தின் நிழல் செடி மேலே விழுந்தது. நிழல் ஆகாது என்று மாமா சொன்னது அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. "ஐயோ, எங்கையாலயே கெடுத்திருப்பனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு பின்னால் பாய்ந்தான். பெரியப்பா யோசித்து, படுத்திருக்கிறவனுக்கு நிழல் கிடையாது என்று கண்டுபிடித்தார். அன்றிலிருந்து அந்தத் தீவில் யார் கால் வைத்தாலும் வயிற்றால் ஊர்ந்துதான் போனார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்த ஊர்க்காரர்கள், நாலு ஆம்பளை கொப்பரையில் உட்கார்ந்து வருவதையும் இறங்கி உருளுவதையும் பார்த்துவிட்டு, ஏதோ நேர்த்திக்கடன் போல என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

கடல்காற்று வேண்டுமே! பனையோலை விசிறியின் நுனியில் ஒரு நெத்திலிக் கருவாட்டைக் கட்டி, பிச்சைக்கனி காலையிலும் மாலையிலும் படுத்தபடியே வீசினார். வீசிய காற்றில் கடல் மணத்தது. ஊரில் உள்ள பூனை எல்லாம் கரையில் வரிசையாக வந்து உட்கார்ந்தது. "பாத்தியா, கடலுக்குப் பறவை கூட வந்துட்டு" என்றார் உலகு.

ஐப்பசி மழை பிடித்தபோதுதான் உண்மையிலேயே பயந்தார்கள். தண்ணீர் ஆகாது என்றால் குடை பிடிக்க வேண்டும். குடை பிடித்தால் நிழல் விழும். நாலு பேரும் மழையில் நின்று வாதாடினார்கள்.

"வெயில் இல்லாதப்ப நெழல் எப்படி விழும்?" என்று ஒருமுறை மாசானம் கேட்டான்.

"ரொம்பப் படிச்சவன் மாதிரிப் பேசாத" என்று பெரியப்பா அடக்கிவிட்டார். கடைசியில் கடல் பெருகித் தீவு முங்கிப்போய்விடக் கூடாது, அதுதான் முக்கியம் என்று முடிவாகி, குடை வீணாய்ப் போனாலும் போகட்டும் என்று இருந்த குடைகளையெல்லாம் விரித்து வாய்க்காலுக்கு மேலே பிடித்தார்கள். செடி தன்பாட்டுக்கு நனைந்தது. அவர்கள் தங்கள்பாட்டுக்கு நனைந்தார்கள். கடல் மட்டும் நனையவில்லை.

இப்படியெல்லாம் செய்தால் எந்தச் செடியும் செத்துத்தானே போகும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் முத்தகத்துக்கு என்ன வேண்டும்? மணல் வேண்டும், உப்பு வேண்டும், காற்று வேண்டும், வெயில் வேண்டும், பக்கத்தில் வந்து நோண்டாத மனுஷன் வேண்டும். அத்தனையும் அங்கே இருந்தது. ஒரு புத்திசாலி கையில் கொடுத்திருந்தால் பாசம் பொங்கி, கூடை கூடையாகச் சாணியைப் போட்டு, தினம் ரெண்டு குடம் ஊற்றி, ஒரு மாதத்தில் அழுக வைத்திருப்பான். இங்கே அது கொழுகொழுவென்று வளர்ந்தது. மார்கழி கடைசியில் மொட்டுக் கட்டியது. மாசானத்துக்குத் தூக்கம் போயிற்று. ஊர்ந்து ஊர்ந்து வயிற்றுத் தோல் உரிந்ததையும் பொருட்படுத்தாமல் மொட்டுக்குப் பக்கத்திலேயே கிடந்தான்.

பூத்தது.

பூ பாதிதான் இருந்தது. இதழெல்லாம் ஒரு பக்கமாகவே விரிந்து, மறுபக்கம் மொட்டையாக, யாரோ நடுவில் கத்தரித்து எடுத்துக்கொண்ட மாதிரி!

"களவு!" என்று கத்தினான். மூன்று பேரும் கொப்பரையில் வந்து சேர்ந்தார்கள். அவசரம் என்பதால் வேகமாகத் துழாவினார்கள்.

"ஆடு தின்னிருக்கும்" என்றார் உலகு.

"ஆடு தின்னா பாதியை மிச்சம் வைக்குமா?"

"நல்ல ஆடா இருந்தா வைக்கும்."

பிச்சைக்கனி படுத்தபடியே உற்றுப் பார்த்தார். "இது பல்லு வேலை இல்ல. கத்திரி வேலை. இந்த ஊருல கத்திரி வச்சிருக்கவன் யாரு?"

தையல்கார ஏசுவடியானைக் கையோடு கூட்டி வந்தார்கள். அவர் கர்த்தர் மேல் சத்தியம் செய்தார். "நான் உங்க தீவுக்கு எப்படிவே வருவேன்? எங்கிட்டப் படகு ஏது?" என்று கேட்டார். அது நியாயமாகப் பட்டதால் விட்டுவிட்டார்கள். இருந்தாலும் அடுத்த மொட்டு விரியும்போது ஏசுவடியானையும் சேர்த்து எல்லாருமாகப் படுத்துக்கொண்டு கண்கொட்டாமல் பார்த்தார்கள். அத்தனை கண்ணுக்கு முன்னால் அது பாதியாகவே விரிந்தது.

சொரிமுத்துவின் முகம் சுருங்கிவிட்டது. "களவு இல்லடா மாசானம். செடிக்கே முழு மனசு இல்ல. பாதி மனசோடதான் நம்ம வீட்டுல நிக்குது."

செடி தங்குகிற வீட்டில்தான் பெண் தங்கும். செடி பாதி மனசோடு நின்றால் புஷ்பமும் பாதி மனசோடுதானே வருவாள்? மாசானம் தீவில் குப்புறக் கிடந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அவன் அழுகையைப் பார்த்து மூன்று கிழவர்களும் அழுதார்கள். ஏசுவடியானுக்கே மனசு தாங்கவில்லை.

"அழாதீங்கவே. கிழிஞ்சதைத் தைக்கிறதுதான எந்தொழிலு? ரெண்டு பாதியைச் சேத்துத் தச்சா ஒரு முழுப்பூ."

தை பிறந்தது. சங்குமணி வருகிற அன்று விடியற்காலையிலேயே ஏசுவடியான் வெள்ளை நூலோடு தீவில் இறங்கி, செடியில் இருந்த பூவையெல்லாம் ஜோடி ஜோடியாகச் சேர்த்துப் பொடித்தையல் போட்டு முடித்துவிட்டார். எட்ட நின்று பார்த்தால் முழுப்பூ. கிட்டப் போனால் சட்டைப் பொத்தான் மாதிரி இருக்கும்.

சங்குமணி வந்தார். வாய்க்காலைப் பார்த்தார், கொப்பரையைப் பார்த்தார், பூனைகளைப் பார்த்தார். ஒரே எட்டில் தாண்டிச் செடிக்குப் பக்கத்தில் போய்விட்டார். படகில்லாமலா என்று ஓணாங்குளத்துக்காரர்கள் பதறினார்கள். அவர் இலையைத் தடவினார். கண் விரிந்தது. அப்புறம் ஒரு பூவை விரலால் தூக்கினார். நூல் தெரிந்தது.

"இது என்ன?"

மாசானத்தால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "மாமா, பொய் சொல்லி எனக்குப் பொண்ணு வேண்டாம். பூ பாதியாத்தான் பூத்துச்சு. எம்புட்டோ பாத்துட்டோம், மறுபாதி வரவே இல்ல. ஏசுவடியான் அண்ணாச்சிதான் தச்சுக் குடுத்தாரு. எல்லாம் எந்தப்பு. நான் குடுத்து வைக்காதவன்."

சங்குமணி அவனையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து, நிற்க முடியாமல் வாய்க்காலுக்குள் கடலிலேயே உட்கார்ந்துவிட்டார். "அட பாவிகளா! முத்தகப் பூவே பாதிதாம்லே! எங்க பாட்டன் காலத்துல இருந்து அது பாதியாத்தான் பூக்குது!"

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாசானத்துக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை, ரெண்டையும் செய்தான்.

சங்குமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "எத்தனையோ கரைக்காரவுகளுக்குச் செடி குடுத்திருக்கோம் மாப்ளே. இந்த மாதிரித் தழைஞ்சு நான் எங்கயும் பாத்ததில்ல. எம்பொண்ணு உங்க வீட்டுக்குத்தான். நான் வேற ஒண்ணும் கேக்கல. இந்தச் செடியை எப்படி வச்சிருக்கீங்களோ, அதே மாதிரி எம்பொண்ணையும் வச்சுக்கிடுங்க. அது போதும் எனக்கு."

சொரிமுத்து தொண்டையைச் செருமினார். "அதே மாதிரியேவா?"

"அதே மாதிரி."

"சத்தியமாச் செய்வோம்" என்றார் சொரிமுத்து.

சுள்ளித்தீவுக் கோயிலில் தாலி கட்டு முடிந்தது. பெண்ணையும் மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு படகு கரைக்கு வந்தது. படகை விட்டு இறங்கி, புஷ்பம் காலில் ஒட்டியிருந்த தீவு மணலைக் கழுவக் குனிந்தாள். "கழுவிராத தாயீ!" என்று பெரியப்பா பாய்ந்து வந்தார். "தாய்மண்ணு! தாய்மண்ணோட வந்தாத்தான் வேர் புடிக்கும்!" வேட்டியைக் கிழித்து அவள் ரெண்டு பாதத்தையும் மண்ணோடு சேர்த்துப் பொட்டலமாகக் கட்டினார்கள். கட்டிய காலோடு அவளை மாட்டுவண்டியில் ஏற்றி ஊர் வந்து சேர்ந்தார்கள். பின்னாலேயே வந்த சங்குமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஏசுவடியானின் சம்சாரம் ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றாள். வண்டி வாசலில் நிற்கவில்லை. நேராகத் தோட்டத்துக்குள் போயிற்று. அங்கே செடிக்குப் பக்கத்தில் உலகு முந்தின நாளே ஒரு குழி வெட்டி, நாலு பக்கமும் கோலமும் போட்டு வைத்திருந்தார்.

"முழங்கால் வரைக்கும் போதும்" என்றார் பிச்சைக்கனி.

"பேய்க்காத்துல சாஞ்சிட்டாள்னா? இடுப்பு வரைக்கும் இருக்கட்டும்" என்றார் உலகு.

மாசானம் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். ஆசைப்பட்டுக் கட்டிய பெண்ணாயிற்றே, வலிக்கப் போகிறதே என்று அவனுக்கு வேதனை. ஆனால் மாமாவுக்குச் செய்து கொடுத்த சத்தியம் என்ன ஆவது? சங்குமணி அப்போதுதான் குழியைப் பார்த்தார். பார்த்தவர் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். ஆரத்தித் தட்டோடு ஓடி வந்த ஏசுவடியான் சம்சாரம், பழக்கத்தில், "வலது காலை எடுத்து வச்சு வாம்மா" என்று சொல்லிவிட்டாள்.

தங்கபுஷ்பம் குழியை எட்டிப் பார்த்தாள். ஒரு பக்கம் தலையைச் சாய்த்து யோசித்தாள். பட்டுச்சேலைக் கொசுவத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்துக் குழிக்குள் இறங்கினாள். இடது காலையும் வைத்தாள். நிமிர்ந்து நின்று தாலியைச் சரிசெய்துகொண்டாள். "அப்பா அழாதீங்க, போன எடத்துல சொன்னபடி கேளுன்னு நீங்கதான சொல்லி அனுப்புனீங்க" என்றாள். அப்புறம் மாசானத்தைப் பார்த்து, வெட்கத்தோடு கேட்டாள்:

"என்ன பாத்துக்கிட்டே நிக்கீங்க? மண்ணைத் தள்ளுங்க. இப்ப வச்சாத்தான அடுத்த தைக்குள்ள பூப்பேன்?"

பெரியப்பாவுக்கு ஆனந்தக் கண்ணீர் பொங்கியது. "நம்ம வீட்டுக்குன்னே பொறந்தவடா!" என்று மண்வெட்டியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தார்.